கூலிம் போகும் டாக்சி

செவ்வாய், வியாழன், சனி.
ரத்தம் கழுவ இரண்டு கிழவர்களை
கராங்கானிலிருந்து கூலிமுக்கு ஏற்றிப் போகிறேன்.
முன்சீட்டில் வேக்ஃபீல்டு துரை.
பின்சீட்டில், கண்ணாடிக்குச் சிக்காத மூலையில்,
பிரதர் டெக்லன்.
நாலு வருஷமாய் ஒருவருக்கொருவர் குட்மார்னிங் இல்லை.
எனக்கு மட்டும் ஆளுக்கொரு குட்மார்னிங்,
போட்டி போட்டுக்கொண்டு.

ஒரே ஒருமுறை பேசிக் கேட்டிருக்கிறேன்.
லண்டன்டெரி என்றார் துரை.
டெரி என்றார் பிரதர்.
அதோடு சரி. எட்டுக் கட்டைக்கு ஏர்கோன் சத்தம்.
ஊர்ப் பெயருக்கா இத்தனை என்று எனக்குத் தோன்றவில்லை.
நான் பிறந்த தோட்டத்துக்கே மூன்று பெயர்:
கம்பெனி வைத்தது,
லாடாங் சேர்த்துப் பலகையில் எழுதியது,
நாங்கள் கூப்பிட்டது.
மூன்றாவதுக்குக் கடிதம் வராது.

துரையின் அக்கா மகன் அந்த ஊருக்குப் பட்டாளத்தில் போய்
ஒரு காதோடு திரும்பியவன்.
பிரதரின் தம்பி மகன் பதினோரு வருஷம் உள்ளே.
இதெல்லாம் ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொன்னது.
அவர்கள் சொல்வார்களா?

பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலை
ரேடியோ மலாயில் சொன்னது,
கையெழுத்தாகிவிட்டதாம்.
துரையின் கை குமிழுக்கு நீண்டது.
பின்னாலிருந்து இன்னொரு கை.
இரண்டிலும் ஊசி ஏறிப் புடைத்த நரம்பு.
இரண்டும் இடித்துக்கொண்டு பின்வாங்கின.
நான்தான் சத்தத்தைக் கூட்டினேன்.

பாலம் தாண்டும்வரை மூச்சில்லை.
பிறகு பிரதர்: துப்பாக்கிகளைக் கொடுத்துவிடுவார்களா?
துரை: கொடுக்கட்டும். பையனுக்குக் காது முளைக்காது.
நோ, என்றார் பிரதர்.
இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும்.
அந்த நோ முழுசாகப் புரிந்தது.

ஒரு செம்பனை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம்.
தவசி, நீ எந்தப் பக்கம், என்று கேட்டார் பிரதர்,
விளையாட்டாகத்தான்.
நான் டப்ளின் என்றேன்.
லாடாங் டப்ளின், பதினாறாம் லயம்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
துரையும் தோள் குலுங்கச் சிரித்தார்.
ஓயட்டும் என்று பொறுத்திருந்தேன்.
நாற்பத்தேழில் அங்கே
கூலி கேட்டு நின்ற கூட்டத்தைப் போலீஸ் சுட்டது.
அப்பாவுக்கு முழங்கால் போனது.
அதற்கு யாரும் மேசை போடவில்லை.

நான் வந்தது அடுத்த வருஷம், என்றார் துரை உடனே.
பிரதர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:
எங்கள் ஊரிலும் அப்படித்தான்.
அன்றைக்கு யாருமே இல்லை.

சாயங்காலம் திரும்பும்போது
இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள்.
என் பக்கத்தில் காலி.
பேசினார்களா, தூங்கினார்களா, நான் பார்க்கவில்லை.
இறங்கியதும் சண்டை:
இரண்டு பேர் கூலியையும் நான் தருவேன், நான் தருவேன் என்று.
ஆளுக்கு ஆறு ரிங்கிட், கையை நீட்டுங்கள் என்றேன்.
அடங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை.
துரை மறுபடி முன்சீட்டில்.
சரி, அவ்வளவுதான் போல என்று கியர் போட்டேன்.
மூன்றாம் கட்டையில் கேட்டார்:
உன் அப்பா பெயர் என்ன?

முப்பது வருஷம் செக்ரோலில் ஆள் எண்ணியவர்.
ஏழுமலை என்றேன்.
எலுமலை என்றார்.
இல்லை, நாக்கை மடக்குங்கள். ஏழு.
எலு.
பின்னாலிருந்து பிரதர், ஏளு.
அதுவும் இல்லை, ஆனால் எங்கள் லயத்தில்
பாதிப்பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கூலிமுக்கு இன்னும் ஆறு கட்டை இருந்தது.
ஏர்கோனை நிறுத்திவிட்டேன், சரியாகக் காதில் விழட்டும் என்று.
எலு.
ஏளு.
இன்னொரு தடவை, என்றேன்.